காவலுக்குப் போன படை

1965 பிப்ரவரி 22 அன்று சைகோனிலிருந்து வாஷிங்டனுக்கு ஒரு தந்தி போனது. அனுப்பியவர் தென் வியட்நாமுக்கான அமெரிக்கத் தூதர் மாக்ஸ்வெல் டெய்லர். கோப்புகளோடு காலம் தள்ளிய சாதுவான அதிகாரி என்று அவரை எண்ணிவிட வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் 101ஆவது பாராசூட் டிவிஷனோடு நார்மண்டியில் குதித்தவர். பிறகு அமெரிக்க முப்படைத் தளபதிகள் குழுவுக்கே தலைவராக இருந்தவர். வியட்நாமுக்கு எட்டாயிரம் வீரர்களை அனுப்பலாம், மெகாங் டெல்டாவில் வெள்ள நிவாரண வேலைக்கு வந்தவர்கள் என்று வெளியே சொல்லிக்கொள்ளலாம் என்று 1961இல் அதிபர் கென்னடிக்கு யோசனை கொடுத்தவரும் இவரே. அப்படிப்பட்டவர்தான் இப்போது வேண்டாம் என்றார். அவர் தடுக்கப் பார்த்தது தா நாங் விமான தளத்தின் காவலுக்காகக் கேட்கப்பட்ட இரண்டே இரண்டு மரைன் பட்டாலியன்களை.

கேட்டவர் அங்கிருந்த அமெரிக்கப் படைகளின் தளபதி வெஸ்ட்மோர்லேண்ட். அவர் சொன்ன காரணத்தில் குறை கண்டுபிடிப்பது கடினம். வட வியட்நாம் மீது தொடர்ந்து குண்டு வீசுவது என்று வாஷிங்டன் முடிவு செய்திருந்தது. ‘ரோலிங் தண்டர்’ என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. விமானங்கள் பல தா நாங்கிலிருந்து கிளம்ப வேண்டும். முந்தைய நவம்பரில் பியன் ஹோவா தளத்தின் மீது கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் இரவோடு இரவாக மோர்ட்டார் குண்டு பொழிந்து பி-57 விமானங்களை எரித்திருந்தார்கள். பிப்ரவரி 7 அன்று பிளெய்க்கு முகாம் தாக்கப்பட்டதில் எட்டு அமெரிக்கர்கள் இறந்தார்கள், நூறு பேருக்கு மேல் காயம்பட்டார்கள். தென் வியட்நாம் ராணுவம் தளத்தைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை யாருக்கும் இல்லை. விமானம் நிற்கிற இடத்துக்குக் காவல் வேண்டாமா?

டெய்லரின் பதில் வேறு திசையில் இருந்தது. ஒரு தடவை தரைப்படையை இறக்கிவிட்டால் எங்கே நிறுத்துவது என்ற கோட்டைப் பிறகு பிடித்து வைக்க முடியாது என்றார். தா நாங்குக்குக் காவல் கொடுத்தால் மற்ற தளங்களும் கேட்கும். அமெரிக்கர்கள் வந்துவிட்டார்கள் என்றால் தென் வியட்நாம் ராணுவம் தன் வேலையையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கும். காட்டிலும் கிராமத்திலும் யார் கெரில்லா, யார் விவசாயி என்று வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு எப்படித் தெரியும் என்றும் கேட்டார். இதில் எதுவும் பிற்பாடு பொய்க்கவில்லை. ஆனால் தந்தியின் கடைசியில் அவரே கொஞ்சம் இறங்கி வந்தார். தளத்தின் பாதுகாப்பு முக்கியம்தான், ஒரு பட்டாலியன் வேண்டுமானால் சரி என்கிற தொனி. வாஷிங்டன் இரண்டையும் அனுப்பியது.

மார்ச் 8 அன்று 3,500 பேர் கொண்ட மரைன் படை தா நாங்கில் முழுப் போர்க் கோலத்தில் இறங்கத் தொடங்கியது. கடற்கரையில் எதிரில் நின்றவர்கள் மாலையோடு வந்திருந்த இளம்பெண்கள். கழுத்தில் மாலையும் முகத்தில் கடுகடுப்புமாக நிற்கும் மரைன்களின் தளபதி ஜெனரல் கார்ச்சின் புகைப்படம் அடுத்த நாள் உலகம் முழுக்கப் போனது. மரைன்களுக்குத் தரப்பட்ட உத்தரவு தெளிவானது: விமான தளத்தைக் காக்க வேண்டும், கெரில்லாக்களோடு அன்றாடச் சண்டையில் இறங்கக் கூடாது.

இந்த உத்தரவு ஏன் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை என்பதற்கு அரசியல் தேவையில்லை, கொஞ்சம் கணக்குப் போதும். கெரில்லாக்களிடம் இருந்த 82 மில்லிமீட்டர் மோர்ட்டார் சுமார் மூன்று கிலோமீட்டர் தூரம் குண்டை எறியும். ஆகவே வேலிக்குள் நின்றுகொண்டு விமானத்தைக் காக்க முடியாது. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரைக்கும் நிலத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். அந்த வட்டத்துக்குள் குன்றும் வயலும் கிராமங்களும் வந்துவிடுகின்றன. இரவில் ரோந்து போக வேண்டும். ரோந்து போனவர்கள் சுடப்பட்டால் அவர்களை மீட்க ஹெலிகாப்டர் வேண்டும், பின்னாலிருந்து பீரங்கி வேண்டும். ஹெலிகாப்டருக்கு இறங்குதளம், எரிபொருள் கிடங்கு, பழுது பார்க்கும் ஆட்கள் வேண்டும். கிடங்குக்குக் காவல் வேண்டும். வட்டத்தின் பரப்பு ஆரத்தின் வர்க்கமாகப் பெருகும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆரத்தை இரண்டு மடங்காக்கினால் காக்க வேண்டிய நிலம் நான்கு மடங்காகிறது.

ஏப்ரல் 6 அன்று அதிபர் ஜான்சன் ஒப்புதல் கொடுத்த ரகசிய ஆணை, மரைன்கள் இனி வெளியே போய்த் தாக்கலாம் என்றது. கூடவே இன்னும் இரண்டு பட்டாலியன்கள், 18,000 முதல் 20,000 வரை துணைப்பணிப் படையினர். அதே ஆணையில் இன்னொரு கட்டளையும் உண்டு: இது வெளியே தெரியக் கூடாது, தெரிந்தாலும் இருக்கும் கொள்கையின் இயல்பான தொடர்ச்சிபோலத் தோன்ற வேண்டும். வேலியிலிருந்து போர்க்களத்துக்கு வர எடுத்துக்கொண்ட காலம் நான்கே வாரம். ஜூன் 7 அன்று வெஸ்ட்மோர்லேண்ட் மொத்தம் 44 பட்டாலியன்கள் கேட்டார்.

வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படையினரின் எண்ணிக்கையை ஆண்டுக் கடைசியில் எடுத்துப் பார்த்தால் இப்படி வரும். 1960இல் சுமார் 900. 1961இல் 3,200. 1962இல் 11,300. 1963இல் 16,300. 1964இல் 23,300. 1965இல் 1,84,300. 1966இல் 3,85,300. 1968இல் 5,36,100. இந்த வரிசையில் எந்த இடத்தில் போர் தொடங்கியது? அமெரிக்கா முறையாகப் போர் அறிவிக்கவே இல்லை என்பதால் இதற்குச் சரியான விடை கிடையாது. 900 பேரை வைத்துக்கொண்டு ஐந்து லட்சம் பேரை அனுப்பலாமா என்று யாரும் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. 900 இருக்கும்போது 3,200 ஆக்கலாமா என்றார்கள். 3,200 இருக்கும்போது 11,000 பற்றிப் பேசினார்கள்.

அந்த 900 பேர் எப்படி அங்கே வந்தார்கள் என்பதை ஓட்டமாகப் பார்த்துவிடலாம். 1950இல் பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் இந்தோசீனக் காலனியைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருந்தார்கள். ட்ரூமன் அரசு ஆயுதம் கொடுத்தது, ஆயுதத்தைக் கணக்கெடுக்க ஒரு சிறு ஆலோசகர் குழுவை அனுப்பியது. 1954க்குள் அந்தப் போரின் செலவில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்கா ஏற்றுக்கொண்டிருந்தது. அந்த மே மாதம் தியன் பியன் பூவில் பிரான்ஸ் தோற்றது. ஜெனீவா ஒப்பந்தம் 17ஆவது அட்சக்கோட்டில் நாட்டை இரண்டாக்கியது. வெளிநாட்டுப் படைகள் புதிதாக வரக் கூடாது என்றது. அதைக் கண்காணிக்க இந்தியா தலைமையில், கனடாவும் போலந்தும் சேர்ந்த ஆணையம் அமைந்தது. 1962இல் அந்த ஆணையம் வடக்கு, தெற்கு இரண்டுமே ஒப்பந்தத்தை மீறுவதாக அறிக்கை கொடுத்தது. அறிக்கை கோப்பில் உட்கார்ந்துகொண்டது, ஹெலிகாப்டர்கள் சைகோன் துறைமுகத்தில் இறங்கிக்கொண்டிருந்தன.

கென்னடிக்கு இது எங்கே போகும் என்பது தெரியாமல் இல்லை. படை அனுப்புவது ஒரு கோப்பை மது குடிப்பதுபோல, போதை இறங்கியதும் அடுத்த கோப்பை தேவைப்படும் என்று தன் உதவியாளர் ஆர்தர் ஷ்லெசிங்கரிடம் சொல்லியிருக்கிறார். வெளியுறவுத் துறையின் ஜார்ஜ் பால், ஐந்து ஆண்டில் நம் ஆட்கள் மூன்று லட்சம் பேர் அங்குள்ள வயல்களில் நிற்பார்கள் என்று 1961 நவம்பரில் அவரிடம் எச்சரித்தார். உனக்குப் பைத்தியமா என்கிற பாணியில் கென்னடி அதை மறுத்ததாகப் பால் பின்னாளில் எழுதினார். ஐந்தாண்டு கழித்து 1966 கடைசியில் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது.

இடையில் 1963 நவம்பரில், அமெரிக்கா கண்ணைக் காட்ட, சைகோன் தளபதிகள் அதிபர் நியோ டின் ஜியெமைக் கவிழ்த்துக் கொன்றார்கள். எண்ணிக்கைப் பட்டியலில் இதற்கு இடமில்லை, ஆனால் படைகளைவிட இதுதான் அமெரிக்காவை ஆழமாகக் கட்டிப்போட்டது என்பது என் கருத்து. ஓர் அரசைக் கவிழ்க்கத் துணை போன பின், அடுத்து வரும் அரசு விழுந்தால் அது உங்கள் அரசு விழுந்ததாக ஆகிவிடுகிறது.

இனி அறிவியல் பக்கம் வருவோம். யேல் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் ஷூபிக் 1971இல் ஒரு விளையாட்டைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஒரு டாலர் நோட்டு ஏலத்துக்கு வருகிறது. அதிகம் கேட்டவருக்கு நோட்டு. ஆனால் இரண்டாவதாக வந்தவரும் தான் கேட்ட தொகையைக் கட்டிவிட்டு வெறுங்கையோடு போக வேண்டும். முதலில் பத்து சென்ட், இருபது சென்ட் என்று சிரிப்போடு போகும். ஒருவர் 90 சென்டிலும் இன்னொருவர் ஒரு டாலரிலும் நிற்கும்போது சிரிப்பு நின்றுவிடும். 90 கேட்டவர் ஒதுங்கினால் 90 நட்டம். ஒரு டாலர் பத்து சென்ட் கேட்டு ஜெயித்தால் பத்து சென்ட்தான் நட்டம். ஆகவே கேட்பார். அடுத்தவருக்கும் அதே கணக்கு. ஒரு டாலர் நோட்டு ஒரு டாலருக்கு மேல் பல மடங்கு விலை போகும். ஒவ்வொரு கேள்வியும் தனித்தனியே பார்த்தால் புத்திசாலித்தனமானது. மொத்தமாகப் பார்த்தால் இருவருமே முட்டாள்கள்.

1976இல் உளவியலாளர் பாரி ஸ்டா வணிகப் படிப்பு மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார். ஒரு கம்பெனியின் இரண்டு பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்து ஆராய்ச்சிக்கு 1 கோடி டாலர் ஒதுக்கச் சொன்னார். காகிதத்தில் சில ஆண்டுகள் ஓடின. சிலருக்கு அவர்கள் தேர்ந்த பிரிவு தேறியதாகவும் சிலருக்குத் தேறவில்லை என்றும் கணக்குக் காட்டினார். பிறகு 2 கோடியை மறுபடி பிரிக்கச் சொன்னார். தான் தேர்ந்த பிரிவு தோற்றுப்போனதைப் பார்த்தவர்கள்தான் அதற்கே மிக அதிகமாக, சராசரியாக 1.3 கோடி அளவில், அள்ளிக் கொடுத்தார்கள். அதே தோல்வியை, வேறு யாரோ எடுத்த முடிவின் விளைவாகப் பார்த்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஸ்டாவின் கட்டுரைத் தலைப்பே வியட்நாம் போரை எதிர்த்துப் பாடப்பட்ட பாடல் ஒன்றை நினைவூட்டும்படி வைக்கப்பட்டது.

இந்த இரண்டையும் காட்டி, போட்ட முதலை விட மனமில்லாமல்தான் அமெரிக்கா வியட்நாமில் மாட்டிக்கொண்டது என்று சொல்லும் புத்தகங்கள் நிறைய உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தேதிகளோடு வைத்துப் பார்த்தால் இடிக்கிறது. 1964 கடைசி வரை வியட்நாமில் இறந்த அமெரிக்கர்கள் சுமார் 400 பேர். ஒவ்வொரு உயிரும் உயிர்தான். ஆனால் ஒரு வல்லரசு கைகழுவிவிட்டு வர முடியாத அளவுக்கு அது பெரிய முதலீடு இல்லை. பெரிய தாவல் நடந்ததோ 1965இல். ஸ்டாவின் மாணவர்கள் 1967இன் அமெரிக்காவை விளக்குவார்கள், 1965ஐ விளக்க மாட்டார்கள்.

1965க்குப் பொருந்துகிற சோதனை வேறு. டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் வெளியிட்டது அது. கேள்வி எளிமையானது. 3,000 நிச்சயமாகப் போய்விடும் என்பது ஒரு வழி. இன்னொரு வழியில் 4,000 போவதற்கு 80 சதவீத வாய்ப்பு, ஒன்றுமே போகாமல் தப்ப 20 சதவீத வாய்ப்பு. எது வேண்டும்? இரண்டாவது வழியில் சராசரி இழப்பு 3,200, அதாவது அதுதான் மோசமான பேரம். ஆனாலும் 92 சதவீதம் பேர் அதையே எடுத்தார்கள். இதே தொகைகள் லாபமாக வரும் என்று மாற்றிக் கேட்டால், நிச்சயமான 3,000 போதும் என்று 80 சதவீதம் பேர் சொன்னார்கள். நிச்சயமான இழப்பு கண்ணெதிரில் நிற்கும்போது மனிதர்கள் சூதாடத் துணிகிறார்கள். இதற்கு முன்பே எதையாவது இழந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை.

ஜான்சனின் மேசையில் இருந்தது ஏறக்குறைய இந்தக் கேள்விதான். 1964 மே 27 அன்று தன் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியிடம் அவர் பேசிய தொலைபேசி உரையாடல் பதிவு இன்றும் இருக்கிறது. இதற்காகச் சண்டை போடுவது தகாது, ஆனால் வெளியே வரவும் வழி தெரியவில்லை என்று புலம்புகிறார். வெளியே வந்தால் இழப்பு உடனடி, உறுதி. 1949இல் சீனா கம்யூனிஸ்டுகள் கைக்குப் போனதும் ட்ரூமனை எதிர்க்கட்சி என்ன பாடு படுத்தியது என்பதை நேரில் பார்த்தவர் அவர். உள்ளே இருந்தால் இழப்பு பெரிதாகலாம். ஆனால் பிற்பாடுதானே, ஒருவேளை நேராமலும் போகலாமே.

எந்த இழப்புக்கு அவர்கள் பயந்தார்கள் என்பதற்கு எழுத்துச் சாட்சியே உண்டு. பாதுகாப்புத் துறை உதவிச் செயலர் ஜான் மெக்நாட்டன் 1965 மார்ச் 24 அன்று, தா நாங்கில் மரைன்கள் இறங்கிப் பதினாறாம் நாள், அமெரிக்காவின் நோக்கங்களைச் சதவீதம் போட்டு எழுதினார். அவமானகரமான தோல்வியைத் தவிர்ப்பது 70 சதவீதம். தென் வியட்நாம் சீனாவின் கைக்குப் போகாமல் தடுப்பது 20. தென் வியட்நாம் மக்கள் நல்ல, சுதந்திரமான வாழ்க்கை வாழ்வது 10. எந்த மக்களின் பெயரால் படை போனதோ அவர்களுக்குப் பத்தில் ஒரு பங்கு. மீதியில் பெரும்பகுதி, படை போனதால் உண்டான கௌரவத்தைக் காப்பதற்கு. ஆலோசகர்கள் போயிராவிட்டால் தோல்வி சைகோனுடையது. போன பிறகு அது வாஷிங்டனுடையது. தலையீடு தன்னைத்தானே நியாயப்படுத்திக்கொள்ளும் காரணத்தை இப்படித்தான் உற்பத்தி செய்கிறது.

இங்கே ஓர் எதிர்வாதத்தைச் சொல்லாமல் போவது நேர்மை ஆகாது. பென்டகன் ஆவணங்கள் என்று பின்னால் பெயர்பெற்ற 7,000 பக்க ரகசிய ஆய்வுக்குப் பொறுப்பாக இருந்தவர் லெஸ்லி கெல்ப். அவரும் ரிச்சர்ட் பெட்ஸும் 1979இல் ஒரு நூல் எழுதினார்கள். தலைவர்கள் ஏமாந்து சேற்றில் இறங்கினார்கள் என்பது கட்டுக்கதை, அவர்களுக்கு ஏறக்குறைய எல்லாமே தெரிந்திருந்தது, வெற்றி கிடைக்காது என்று தெரிந்தே ஒவ்வோர் அதிபரும் தன் காலத்தில் தோற்காமல் இருக்கத் தேவையான மிகக் குறைந்த அளவைச் செய்தார் என்பது அவர்கள் வாதம். அந்தக் குறைந்த அளவு ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனது.

ஆவணங்கள் இந்த வாதத்தின் பக்கம்தான் நிற்கின்றன. 1964 செப்டம்பரில் பென்டகனிலேயே ‘சிக்மா’ என்ற போர் விளையாட்டு நடந்தது. பெரிய அதிகாரிகளே உட்கார்ந்து ஆடினார்கள். குண்டு போட்டு ஹனோயைப் பணிய வைக்க முடியாது என்றுதான் அது காட்டியது. 1965 ஜூலை 1 அன்று ஜார்ஜ் பால் ஜான்சனுக்கு எழுதிய குறிப்பு, பெரிய அளவில் அமெரிக்கர்கள் சாக ஆரம்பித்துவிட்டால் பிறகு திரும்ப முடியாத பாதை அது என்று எச்சரித்தது. ஜூலை 22 கூட்டத்தில் மரைன் படைத் தலைவர் கிரீன், ஐந்து ஆண்டும் ஐந்து லட்சம் பேரும் ஆகும் என்று அதிபரின் முகத்துக்கு நேரே சொன்னார். ஆக மொத்தக் கணக்கு மேசையில் இருந்தது. யாரும் அதை மறைக்கவில்லை.

ஆனால் முடிவெடுக்கக் கொடுக்கப்பட்ட காகிதத்தில் அந்தக் கணக்கு இல்லை. பாதுகாப்புச் செயலர் மக்னமாராவின் குறிப்பில் மூன்று வழிகள் இருந்தன: விலகிவிடுவது, இப்போதுள்ள 75,000 பேரோடு இழுத்துப் பறித்து ஓட்டுவது, அல்லது படையைப் பெருக்குவது. முதலாவது அவமானம், இரண்டாவது மெதுவான அவமானம். மூன்றாவதற்கு நேரே முழுக் கணக்கு இல்லை, அடுத்த சில மாதங்களுக்கான எண்ணிக்கைகள்தான் இருந்தன. 75,000க்கு அருகில் வைத்துப் பார்த்தால் அவை கற்பனைக்கு எட்டாத தாவல் இல்லை.

ஜூலை 28 அன்று ஜான்சன் படையை 1,25,000 ஆக உயர்த்துவதாக அறிவித்தார். தொலைக்காட்சி முன் மக்கள் திரளும் மாலை நேரத்தில் அறிவிக்கவில்லை. நண்பகல் செய்தியாளர் கூட்டத்தில், மற்ற அறிவிப்புகளோடு சேர்த்துச் சொன்னார். ரிசர்வ் படையைக் கூப்பிடவில்லை, போர் வரி கேட்கவில்லை. காரணம் உள்ளூரில் இருந்தது. முதியோருக்கான மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டது அடுத்த இரண்டு நாளில். கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டத்தில் அதற்கு அடுத்த வாரம். போர் என்று உரக்கச் சொன்னால் இந்தச் சட்டங்களுக்கான பணமும் வாக்கும் நாடாளுமன்றத்தில் கரைந்துவிடும் என்று பயந்தார். நல்ல சட்டங்கள் அவை, சந்தேகமில்லை. அவற்றைக் காக்கப் போரைச் சிறியதாகக் காட்ட வேண்டியிருந்தது. சிறியதாகக் காட்டப்பட்டதால் அதன் முழு விலையை யாரும் கேட்கவில்லை.

இதுவரை ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தோம். ஏலத்தில் இரண்டாவது ஆள் ஒருவர் உண்டு. ஹனோயில் கம்யூனிஸ்ட் கட்சியின் லே சுவான் தலைமையிலான அணி 1963 டிசம்பரில் தெற்கில் போரை முடுக்கிவிட முடிவெடுத்தது. அமெரிக்கா முழு பலத்தோடு வருவதற்குள் சைகோனை வீழ்த்திவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. 1964 கடைசியில் வடக்கின் முறையான ராணுவப் பிரிவுகள் மலைப்பாதை வழியே தெற்கே இறங்கின. எது தடுக்கும் என்று அவர்கள் நினைத்தார்களோ அதுவே அமெரிக்காவை இழுத்து வந்தது. குண்டுவீச்சு தொடங்கியதும் சீனாவிலிருந்து விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையும் ரயில்பாதை கட்டும் பொறியாளர்களும் வட வியட்நாமுக்கு வந்தார்கள். 1965 முதல் 1968 வரை சுழற்சி முறையில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட சீனர்கள் அங்கே பணியாற்றினார்கள். இரண்டு பக்கமும் தன் செயலைப் பதிலடி என்றே நம்பியது.

அதே 1965இல் அமெரிக்க வியூக அறிஞர் ஹெர்மன் கான், மோதல் பெருகும் விதத்தை 44 படிகள் கொண்ட ஏணியாக விவரிக்கும் நூலை வெளியிட்டார். அடித்தளத்தில் வாய்ச்சண்டை, உச்சியில் அணு ஆயுத அழிவு.  ஏறுகிறவருக்குத் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று தெரியும் என்பது கானின் ஏணியில் உள்ள அனுமானம். தா நாங்கில் ரோந்து போன மரைனும் சரி, ரோந்துக்கு அனுமதி கொடுத்தவரும் சரி, ஒரு படி ஏறிவிட்டதாக நினைக்கவே இல்லை.

இது அமெரிக்காவுக்கு மட்டும் வந்த வியாதி என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது. 1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். மறுநாளே இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணத்தை அடுத்த பலாலியில் இறங்கியது. வேலை எளிதாகத் தெரிந்தது: போர்நிறுத்தத்தைப் பார்த்துக்கொள்வது, தமிழ்ப் போராளிகளின் ஆயுதங்களை வாங்கி வைப்பது. யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். செப்டம்பர் 26 அன்று உண்ணாவிரதத்தில் விடுதலைப் புலிகளின் திலீபன் இறந்தார். அக்டோபர் 5 அன்று இலங்கைப் படையின் காவலில் பலாலியில் இருந்த குமரப்பா, புலேந்திரன் உட்பட 12 புலிகள் சயனைட் கடித்து மாண்டார்கள். ஐந்து நாளில் ‘ஆபரேஷன் பவன்’ தொடங்கிவிட்டது. இறங்கியதிலிருந்து எழுபத்து சொச்சம் நாளில், எந்த மக்களுக்குக் காவலாகப் போனதோ அவர்கள் ஊருக்குள் பீரங்கியோடு நுழைந்தது அந்தப் படை.

அக்டோபர் 11 நள்ளிரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்ட சீக்கிய இலகு காலாட்படையின் முப்பது பேரில் ஒருவர் மட்டுமே உயிர் பிழைத்தார், அதுவும் கைதியாக. தீபாவளியன்று யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் புகுந்த படையினர் சுட்டதில் மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளுமாக அறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அமைதி காப்பது என்ற சொல்லுக்கு அங்கே மதிப்பு இருந்திருக்க முடியாது. சில வாரங்களில் முடிந்துவிடும் என்ற டெல்லியின் கணிப்போடு தொடங்கிய நடவடிக்கைக்கு ஒரு டிவிஷன் போதவில்லை. கடைசியில் நான்கு டிவிஷன்கள் அங்கே நின்றன. 1989இல் புதிய அதிபர் பிரேமதாசா, போய்விடுங்கள் என்றார். இந்தியப் படையை எதிர்க்கப் புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தார். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் கிளம்பியபோது சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். ஈழத்தில் இறந்த பொதுமக்களை அந்த அளவுக்குக்கூட யாரும் எண்ணி வைக்கவில்லை.

தா நாங்கும் பலாலியும் எல்லாவற்றிலும் ஒன்றல்ல. ஜான்சனின் ஆட்கள் எச்சரித்தார்கள், அவர் கேட்டுக்கொண்டே தாண்டிப் போனார். டெல்லியில் எச்சரிக்கக்கூட நேரமில்லை. ஒப்பந்தம், இறக்கம், சண்டை எல்லாம் ஒரே பருவத்தில் முடிந்தது. ஆனால் இரண்டிலும் முதல் நோக்கம் சில வாரம்தான் உயிரோடு இருந்தது. அதற்குப் பிறகு படையின் பாதுகாப்பும் படையை அனுப்பியவர்களின் முகமும்தான் நோக்கம்.

தப்பித்த தருணங்களும் உண்டு. 1954இல் தியன் பியன் பூ முற்றுகையில் இருந்தபோது, பிரெஞ்சுக்காரர்களைக் காப்பாற்ற அமெரிக்க விமானங்கள் குண்டு போட வேண்டும் என்று வாஷிங்டனில் பலர் துடித்தார்கள். விமானங்கள் மட்டும்தான், தரைப்படை வேண்டாம் என்றார்கள். தரைப்படைத் தலைவர் மாத்யூ ரிட்ஜ்வே அதை நம்பவில்லை. கொரியாவில் போரை நடத்திவிட்டு வந்தவர். விமானத்தில் தொடங்குவது தரையில்தான் முடியும் என்று சொல்லி, ஒரு பொறியாளர் குழுவை இந்தோசீனாவுக்கே அனுப்பினார். துறைமுகத்தில் எத்தனை கப்பல் நிற்கும், பாலங்கள் எத்தனை டன் தாங்கும், சாலை எங்கே முடிகிறது, மழைக்காலம் எப்போது, மலேரியா எவ்வளவு என்று அவர்கள் எண்ணி எழுதிக் கொண்டுவந்தார்கள். முதல் விமானம் கிளம்புவதற்கு முன்பே கடைசிப் பட்டாலியன் வரைக்குமான கணக்கு அதிபர் ஐசன்ஹோவர் கைக்கு வந்துவிட்டது. பிரிட்டனும் கூட வர மறுத்திருந்தது. அவர் போகவில்லை.

1968இல் இதே கேள்வி நடுப்போரில் கேட்கப்பட்டது. வியட்நாமியப் புத்தாண்டில் கம்யூனிஸ்டுகள் நடத்திய டெட் தாக்குதலுக்குப் பிறகு இன்னும் 2,06,000 பேர் வேண்டும் என்று கோரிக்கை வந்தபோது, புதிதாகப் பொறுப்பேற்ற பாதுகாப்புச் செயலர் கிளார்க் கிளிஃபர்ட் தளபதிகளை உட்கார வைத்துக் கேட்டார். இது போதுமா? போதாவிட்டால் எவ்வளவு? எத்தனை காலம்? ஜெயிப்பதற்கான திட்டம் என்ன? எதற்கும் பதில் வரவில்லை. மார்ச் 31 அன்று ஜான்சன் வடக்கின் பெரும்பகுதி மீதான குண்டுவீச்சை நிறுத்தினார், மறுபடி தேர்தலில் நிற்கப்போவதில்லை என்றும் அறிவித்தார்.

அதன் பிறகும் போர் நிற்கவில்லை. 1969 தொடக்கத்திலிருந்து இன்னும் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள், மொத்தம் 58,220. வியட்நாமியர் சாவு பத்து லட்சங்களில் எண்ணப்படுவது. அடுத்த அதிபர் நிக்சன் காலத்துப் பாரிஸ் பேச்சுவார்த்தையில் தென் வியட்நாமின் சுதந்திரம் பற்றிய வாசகங்கள் மெலிந்துகொண்டே வந்தன. வடக்கின் படைகள் தெற்கில் இருந்த இடத்திலேயே இருக்கலாம் என்கிற அளவுக்கு அமெரிக்கா விட்டுக்கொடுத்தது. விட்டுக்கொடுக்காதது போர்க் கைதிகள் திரும்பி வர வேண்டும் என்பதை. கைதிகளில் பெரும்பாலோர் வட வியட்நாம் மீது குண்டு போடப் போய் வீழ்த்தப்பட்ட விமானிகள். குண்டுவீச்சு இல்லாவிட்டால் அவர்கள் கைதிகளே இல்லை. 1972 டிசம்பரில், ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள ஹனோயை நெருக்குவதற்காக பி-52 விமானங்கள் பதினொரு நாள் குண்டு பொழிந்தன. அவற்றில் 15 வீழ்த்தப்பட்டன. முப்பதுக்கு மேற்பட்ட விமானப் படையினர் உயிரோடு பிடிபட்டு, மீட்கப்பட வேண்டிய கைதிகளின் பட்டியலில் புதிதாகச் சேர்ந்தார்கள்.